வயணை மரத்துக்கு நான் வைத்த விருந்து

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் வீட்டுக்கு வந்து, “பழைய ஆள், எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க” என்று கேட்டீர்கள். தட்டு கழுவுவதும் குழாய் வாயில் பஞ்சு அடைப்பதும் ஒரு வாரத்தில் கை படியும். அதை எழுத மாட்டேன். ஆய்வுக்கூடத்துப் பின்கட்டில் ஒரு மரம் நிற்கிறதே, அதைப் பற்றி எழுதுகிறேன். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

சமஸ்தானப் பேரை அழித்து, திருக்கொச்சி என்று வாசல் பலகையை மாற்றி எழுதிய வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன். பதவி அட்டெண்டர். வேலை சமையல். கிருமிகளுக்குச் சமையல். இறைச்சியை வேக வைத்துச் சாறு இறக்க வேண்டும். கடல்பாசி சேர்த்துக் காய்ச்சி, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறைய விட வேண்டும். அந்தக் கட்டியின் மேல்தான் கிருமியைத் தடவி வளர்ப்பார்கள்.

நாங்கள் நாஞ்சில் நாட்டுச் சைவம். வீட்டில் முட்டைகூட ஏறாது. முதல் வாரம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கிண்டினேன். இரண்டாம் வாரம் துண்டை அவிழ்த்துவிட்டேன். மனுஷன் எதற்கும் பழகுவான்.

வீட்டில் மனைவி கேட்டாள்.

“அங்க உங்களுக்கு என்ன சோலி?”

“சமையல்.”

“ஆருக்கு?”

“கண்ணுக்குத் தெரியாதவங்களுக்கு.”

ஏதோ கோயில் காரியம் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

எனக்கு மேல் ஒரு கெமிஸ்ட் அம்மா. கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். என்னைப் பிள்ளைவாள் என்பார். அது மரியாதையா கேலியா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அவர் வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தாள் வரும். வந்தால் இருப்பார், வராவிட்டால் போவார். இருவருக்கும் மேலே சூப்பிரண்டு. நல்ல மனிதர். புகைப்படம் எடுப்பதில் பிரியம். எடுக்கப்படுவதில்.

மரம் அப்போதும் பின்கட்டில்தான் நின்றது. வயணை. இலை உதிராத ஜாதி. லவங்கப்பட்டை மரத்துக்குப் பங்காளி. மாசிப் பொங்கலுக்கு இதன் இலையைக் கூம்பாகச் சுருட்டி, மாவும் வெல்லமும் அடைத்துத் தெரளி அவிப்பார்கள். ஆனால் இந்த மரத்தில் யாரும் இலை பறிக்க மாட்டார்கள். செம்பாறை வெடிப்பில் தானாக முளைத்தது. ஆள் உயரம்கூட இல்லை. அடியில் ஒரு கைப்பிடி மண் இருந்தால் அதிகம். பகல் முழுக்க வெயில் அதன் தலையில். இலை இரண்டு விரல் அகலம், ஓரமெல்லாம் பூச்சி கடித்தது. கோடையில் மெலிந்த ஆடு மாதிரி நிற்கும்.

எந்த இலையின் எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்று பார்ப்பது அம்மாவின் வேலை. தூர இடத்து இலை கிடைக்காத ஒரு நாள், கைக்கு எட்டியது என்று இதைப் பறித்து எண்ணெய் இறக்கினார். கிருமி தடவிய கட்டியின் நடுவில் ஒரு சின்னக் குழி. அதில் ஒரு சொட்டு எண்ணெய். சூட்டுப்பெட்டியில் ஒரு ராத்திரி. மறுநாள் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். குழியைச் சுற்றி எட்டணாக் காசு அகலத்துக்குச் சுத்தம். ஒரு கிருமி இல்லை.

“பாத்தீரா பிள்ளைவாள்? உம்ம விருந்தாளிகள்லாம் பந்தியிலேர்ந்து எழுந்து ஓடிட்டா.”

மூன்று தடவை செய்தார். மூன்று தடவையும் வளையம். மதராஸுக்கு எழுதினார். அங்கிருந்து ஆட்கள் வந்து கண்ணால் பார்ப்பார்கள், பார்த்தால் இந்த வேலை நடக்கும், இல்லாவிட்டால் இந்த மேசையையே எடுத்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. பதில் உடனே வந்தது. ஆட்கள் வரப் பத்து மாதம் ஆயிற்று.

அந்தப் பத்து மாதத்தில்தான் நான் என் கைவரிசையைக் காட்டினேன்.

எனக்கு அந்த மரத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. ஓர் அம்மாவின் பிழைப்பையே தாங்கி நிற்கிறது, அது பட்டினி கிடக்கிறதே என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் நன்றாக உழைத்த மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்போம். இன்னொன்று, தின்னும் பண்டத்தைச் சாக்கடையில் கொட்ட மாட்டோம். கழனித்தண்ணீர் வாழைக்கு. புளித்த மோர் கறிவேப்பிலைக்கு. மிஞ்சியது எதுவானாலும் ஒரு செடிக்குப் போகும்.

ஆய்வுக்கூடத்தில் தினமும் சாறு மிஞ்சும். பழைய தட்டுகளின் கட்டியும் சேரும். எல்லாவற்றையும் நீராவியில் வேக வைத்து, மூடிய குழியில் கொட்ட வேண்டும் என்பது சட்டம். வேக வைத்தேன். அதில் குறை வைக்கவில்லை. குழிக்குப் பதிலாக மரத்தடியில் கொட்டினேன். தினம் ஒரு வாளி. பாறை வெடிப்பில் நாலு கூடை வண்டல் போட்டேன். வெயில் கடுமையானபோது மேலே ஓலைப் பந்தலும் கட்டினேன்.

மரம் என் மனசைப் புரிந்துகொண்டது. தளதள என்று எழுந்தது. இலை ஒவ்வொன்றும் கை அகலம். எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. பூச்சிகூடக் குறைந்த மாதிரிதான் இருந்தது. பிறகு பார்த்தால் குறையவில்லை, மரம் கொழுத்ததில் கண்ணுக்குத் தெரியவில்லை. சூப்பிரண்டு வருகிறவர்களையெல்லாம் பின்கட்டுக்கு அழைத்துப்போனார்.

“கண்டோ? நம்ம மரம் கண்டோ? மதராஸ்காரன் வந்து நோக்கட்டே!”

பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். தோட்டக்காரன்தான் வளர்த்தான் என்று அவர் நினைப்பு. நான் திருத்தவில்லை. திருத்தாமல் இருப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே இருந்தது. அதை நீங்கள் என்னிடமிருந்து படிக்க வேண்டாம்.

மாசியில் கடிதம் வந்தது. வரும் திங்கட்கிழமை மூன்று பேர் வருகிறார்கள்.

பத்து மாதமாக வேறு இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அந்தக் கை அகல இலையைப் பறித்து எண்ணெய் இறக்கித் தட்டில் வைத்தார். செவ்வாய்க்கிழமை திறந்தார். வளையம் இல்லை. குழியின் விளிம்புவரை கிருமி. குழிக்குள்ளேயும் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. மறுபடி வைத்து வியாழக்கிழமை திறந்தார். அதே கதை.

முதலில் என் சமையலைச் சந்தேகித்தார். பிறகு கிருமியை. அப்புறம் தன்னையே. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“போன வருஷம் நான் கண்டது தப்பாக்கும், பிள்ளைவாள். ஆசையிலே வளையம் தெரிஞ்சிருக்கு. நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். பொண்கள் பள்ளிக்கூடத்துலே கணக்கு சொல்லிக் குடுக்க ஆள் வேணுமாம்.”

“உங்களுக்குக் கணக்கு வருமா?”

“வராது. குழந்தைகள் பாவம்.”

சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

இனி என் வீட்டுக்கு வாருங்கள். அந்த வாரம் மாசிப் பொங்கல். புதன்கிழமை பெருமையாக ஒரு கட்டு இலை கொண்டுபோயிருந்தேன், எங்கள் ஆய்வுக்கூடத்து இலை. மனைவி தெரளி அவித்தாள். இலை தீர்ந்து மாவு மிஞ்சியது. பக்கத்து வீட்டில் மலையிலிருந்து வந்த இலை நாலு வாங்கி அதிலும் அவித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு தட்டுகளை என் முன்னால் வைத்தாள்.

“இதப் பாருங்க. உங்க எலையில அவிச்சது நூல் விட்டிருக்கு. பக்கத்து வீட்டு எலையில அவிச்சது இன்னும் கிண்ணுன்னு இருக்கு. ஒரே மாவு, ஒரே வெல்லம், ஒரே பானை.”

நான் இரண்டையும் மூக்குக்குக் கொண்டுபோனேன்.

“எலையில ஒரு மணம் இல்ல. சப்புன்னு, வாழைத்தாள்ல அவிச்ச மாதிரி. அந்த மரத்துக்கு என்னத்தப் போட்டு வளக்குதுவ? நெய்ச்சோறா?”

நெய்ச்சோறு இல்லை. அதைவிட விசேஷம்.

இரண்டிலும் ஒவ்வொரு தெரளியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு நடக்கும்போது இரண்டு வழி தோன்றியது. ஒன்று, பேசாமல் மலை இலை வாங்கிக் கலந்துவிடுவது. வளையம் வரும். அம்மாவுக்கு வேலை நிற்கும். எனக்கும் நிற்கும். மற்றது, வாளியைப் பற்றிச் சொல்வது. சட்டப்படி என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

முதல் வழிதான் நல்லது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போனேன். அம்மா கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். தன் பேரைத் தானே அடிக்கிற கடிதம். என் முடிவு அங்கேயே போயிற்று. இரண்டு தெரளியையும் மேசையில் வைத்தேன்.

“தெரளி தின்கிற நேரமா இது?”

“தின்னாதீங்க. மணத்திப் பாருங்க. ரெண்டையும்.”

மணத்திப் பார்த்தார். நூல் விட்டதை விரலால் இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“ஒரே பானையா?”

“ஒரே பானை. எலைதான் வேற. இது மலை எலை. இது நம்ம மரம்.” மூச்சு விட்டேன். “அந்த மரத்துக்கு நான் சாறு ஊத்தினேன்.”

“எந்தச் சாறு?”

“கிருமிச் சாறு. வேக வச்சதுதான்.”

“எத்தனை நாளா?”

“பத்து மாசம். தினம் ஒரு வாளி. வண்டலும் போட்டேன். பந்தல் நீங்களே பாத்திருப்பீங்க.”

ஜன்னல் வழியே பந்தலை எட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் கோபம் வந்தது.

“மாப்பிள்ளைக்குக்கூட யாரும் இப்படி ஆக்கிப் போட மாட்டா! வெயில் சுட்டு, தண்ணி இல்லாம, பூச்சி கடிச்சுண்டு நின்னதே, அதனாலேதான் அது காரமா எண்ணெய் சேத்து வச்சிருக்கு. தன்னைக் காப்பாத்திக்க. நீர் நிழலும் குடுத்து சாப்பாடும் போட்டா அதுக்கு என்ன தேவை? இலையா விட்டிருக்கு. வெறும் இலை.” நிறுத்தினார். “இது என் நெனைப்பு. காட்டினாத்தான் நிஜம்.”

கடிதத்தை நாலாகக் கிழித்தார். பிறகு, “உம்ம ஆத்துக்காரிக்குத்தான் இந்த வேலை குடுத்திருக்கணும்” என்றார். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மலை இலை வாங்க ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். பொங்கல் வாரம். விதுரா மலைப் பக்கத்திலிருந்து வயணை இலை கட்டுக்கட்டாக வந்திருந்தது. ஒவ்வொரு கட்டிலும் ஒரு இலையைக் கடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐந்தாவது கட்டில் நாக்கு மரத்துப்போயிற்று. ஆறாவது கட்டும் வைக்கோலும் ஒன்றாகத் தெரிந்தன. அன்று சாயங்காலத்துக்குள் எண்ணெய் இறங்கவேண்டும். தப்பான இலை எடுத்தால் இன்னொரு நாள் இல்லை.

கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் ஒரு மலைக்காரி. வாயில் வெற்றிலை.

“அண்ணாச்சி, கடிச்சுக் கடிச்சு என் எல முழுக்கத் தின்னு தீத்துருவீரோ?”

“நல்ல எலை எது?”

“எல்லாம் நல்ல எலதன்னே. தோட்டுக்கரை எல. நோக்கு, என்ன வீதி! என்ன பச்ச!”

தோடு என்றால் ஓடை, வீதி என்றால் அகலம். ஓடைக்கரை இலை. கை அகலம். தளதள. எங்கள் மரம் மாதிரியே. அப்போதுதான் புத்தி வந்தது. கேள்வியே தப்பு. மாற்றிக் கேட்டேன்.

“யாருக்கும் வேண்டாத எலை எது?”

வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு கட்டின் வெளிப்பக்கத்தைத் தட்டினாள். நல்ல இலை வாடாமல் இருக்கச் சுற்றிலும் கட்டியிருந்த இலை. சின்னது, தடித்தது, ஓட்டை விழுந்தது.

“இது பாறப்புறத்து எல. சுருட்டினா ஒடியும். பொதியத்தான் கொள்ளும்.”

கிள்ளி மூக்கில் வைத்தேன். நாக்கு மரத்திருந்தால் என்ன, காரம் மூக்கில் ஏறியது.

“இது போதும்.”

பத்துக் கட்டு வாங்கி, அங்கேயே அவிழ்த்து, வெளி இலையை மட்டும் சாக்கில் போட்டுக்கொண்டு, உள்ளே இருந்த நல்ல இலையையெல்லாம் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள்.

“எடீ, இங்கோட்டு வா! பொதிஞ்சதைக் கொண்டுபோயிட்டுப் பண்டத்த வச்சிட்டுப் போற ஆள நீ கண்டிருக்கியா?” பிறகு என்னிடம் மெதுவாக, “அண்ணாச்சிக்குத் தலைக்கு சுகமில்லையோ?”

“இல்ல” என்றேன். விளக்க நேரம் இல்லை.

அன்றே எண்ணெய் இறக்கினோம். ஞாயிற்றுக்கிழமை தட்டு வைத்தோம். ஒரு வரிசையில் மலைப் பாறை இலை. இன்னொரு வரிசையில் எங்கள் மரத்து இலை. இரண்டாவது வரிசை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சூப்பிரண்டுக்கு அதைவிடப் புரியவில்லை. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தார். முதல் வரிசையில் எல்லாம் வளையம். கிட்டத்தட்ட எட்டணா அகலம். இரண்டாவதில் ஒன்றுமில்லை.

“ஹாவூ! ரக்ஷப்பெட்டு. இந்த வளையத்தைக் காட்டு. மற்றதை எடுத்து உள்ளே வை. மரத்தெப் பற்றி மிண்டண்டாம்.” மரத்தைப் பற்றிப் பேசக்கூடாதாம். அவருக்கு அந்தப் படத்தின் கவலை.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

“வைங்கோ அங்கே” என்றார் அம்மா. “ரெண்டையும் பாக்கட்டும். ஒண்ணை மட்டும் காட்டினா, அடுத்த வருஷம் யாரோ கொழுத்த இலையைப் பறிச்சு, நான் பொய் சொன்னேன்னு சொல்வா. அப்போ எனக்கு என்ன பதில் இருக்கு?”

மூன்று பேர் வந்தார்கள். பேசியவர் ஒருவர்தான். வயதானவர், மெல்லிய குரல். முதல் வரிசையைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவதில் நின்றார்.

“இது என்ன இலை?”

“அதே ஜாதி மரம்தான்” என்றார் அம்மா.

“அப்புறம் ஏன் வளையம் இல்லை?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரிந்தது. தானே வேறு ஏதாவது சொல்லி என்னைத் தப்பவிடப் போகிறார். சூப்பிரண்டு கூரையைப் பார்த்தார். அட்டெண்டர் பேசுகிற இடமில்லை அது. தட்டை ஏந்தி நிற்கிற இடம்.

“நான் தின்னக் குடுத்து கெடுத்துட்டேன்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, வண்டல், பந்தல், தெரளி. பெரியவர் பின்கட்டுக்கு நடந்தார். எங்கள் மரத்து இலை ஒன்றைக் கடித்தார். மாடு அசை போடுவது போல மென்று துப்பினார். சாக்கில் மிஞ்சியிருந்த பாறை இலையைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கேட்டார்.

“இப்ப இதுக்குச் சாப்பாட்டை நிறுத்தினா, பழைய காரம் திரும்புமா?”

“தெரியாது” என்றார் அம்மா.

“எத்தனை நாள்ல திரும்பும்?”

“அதுவும் தெரியாது.”

“அப்ப நீங்க எங்கேயும் போக முடியாது. இருந்து பாத்து எழுதுங்க.” பந்தலைக் காட்டினார். “முதல்ல இதைப் பிரிங்க.”

அவ்வளவுதான். அம்மாவுக்கு ஆறு மாதத் தாள் போய் நிரந்தரத் தாள் வந்தது. மரத்தைப் பட்டினி போடுவதற்குச் சம்பளம் வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. கழிவை ஏன் மரத்துக்கு ஊற்றினாய், விளக்கம் எழுது என்று. எனக்காக அம்மா எழுத உட்கார்ந்தார்.

“என்ன காரணம் எழுதட்டும்?”

“பாவமா இருந்துது.”

அதையே எழுதினார். சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டு மூடிவிட்டார். படத்தைச் சுவரிலிருந்து கழற்றியதாகக் கேள்வி.

வண்டலை நானே தோண்டி எடுத்தேன். முதல் வருஷம் வளையம் இல்லை. இரண்டாம் வருஷம் நூல் அளவு. அப்புறம் வருஷத்துக்குக் கொஞ்சம். மாநிலம் பிரிந்து எங்கள் ஊர் மதராஸ் பக்கம் போனபோது, நாகர்கோவிலுக்கு மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஆசை. நான் போகவில்லை. அந்த வருஷம் வளையம் நாலணா அகலத்துக்கு வந்திருந்தது. எட்டணாவைப் பார்க்காமல் எப்படிப் போவது? மனைவியிடம் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றுதான் நான் எதை, யாருக்குச் சமைக்கிறேன் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், “உப்புப் போடுவீங்களா?” என்று கேட்டாள்.

இனி காரணம். போன வாரம் பென்ஷன் தாளுக்காக ஆய்வுக்கூடம் வந்தேன். பின்கட்டுக்கும் போனேன். மரத்தடியில் ஈரம் இருந்தது. வெடிப்பில் கொஞ்சம் புது மண். தேயிலைச் சக்கை. ஒரு இலையைக் கிள்ளி மூக்கில் வைத்தேன். குறைந்திருக்கிறது.

யார் என்று விசாரிக்கவில்லை. உங்கள் நாலு பேரில் ஒருவர் நல்ல மனசுக்காரர். அது தெரிகிறது.

தம்பி, வாளியைக் கீழே வை.